ரெட்டைக்கோடு அண்ணனின் பெயர்

உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத மனிதர் ஒருவரின் பெயர் என்ன?

மூன்று வாரமாக இந்தக் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. கேட்டது மனிதர் யாரும் இல்லை, கொம்பியூட்டர். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பிக்குக் கடிதம் அனுப்ப ஒரு ஈமெயில் கணக்குத் திறக்கலாம் என்று உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டது. பாஸ்வேர்ட் மறந்துபோனால் நான் நான்தான் என்று கண்டுபிடிக்க இந்தக் கேள்வியையும் கேட்டது. விடை உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாததாக இருக்கட்டும் என்று கீழே ஒரு புத்திமதி வேறு.

விடை எனக்குத் தெரியும். அதுதான் சிக்கல்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் பொகவந்தலாவை பஜாரில் அவரை எல்லோரும் ரெட்டைக்கோடு என்றுதான் சொல்வார்கள். தன்னைப் பற்றி ஒரு சொல்கூட வெளியே விடாத மனிதர் அவரைப் போல் இந்த உலகத்தில் இன்னொருவர் பிறந்திருக்க மாட்டார். பிறந்திருந்தாலும் அந்த ஆள் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பதால் நமக்குத் தெரிய வழியில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு படிக்கட்டுக்குக் கீழே அவருடைய கொமினிகேஷன் கடை. ஒரு போன் பெட்டி, ஒரு போட்டோ கொப்பி மெஷின், பிற்காலத்தில் ஒரு கொம்பியூட்டர். மற்றக் கடைகளின் போர்டில் சாமி பெயரோ பிள்ளையின் பெயரோ முன்னால் இருக்கும். இவருடைய போர்டில் "கொமினிகேஷன்" மட்டும்தான். "முன்னால என்னாண்ணே போடணும்?" என்று போர்டு எழுதியவர் கேட்டாராம். "சும்மா விடுங்க, காத்து வரட்டும்" என்றாராம். அந்த வெற்றிடத்தில் கடைசிவரை காற்றுதான் இருந்தது.

கோயிலுக்கு வருவார். அர்ச்சனைத் தட்டை நீட்டுவார். பெயர், ராசி, நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டால், "சாமிக்குத் தெரியும், நீங்க ஆரம்பிங்க" என்பார். டிஸ்பென்சரியில் டொக்டர் வயதைக் கேட்டபோது, "பாத்தா எவ்வளவு சொல்லலாம்?" என்று திருப்பிக் கேட்டார். டொக்டர் அறுபது என்று எழுதினார். அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்காது என்று பஜாரில் பேச்சு. பத்து வயது கூடினாலும் பரவாயில்லை, உண்மை வெளியே போகவில்லையே என்ற திருப்தியோடு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது போட்டோ கொப்பியால். அடையாள அட்டையை நீட்டினால் உடனே வாங்க மாட்டார்.

"என்ன தேவைக்கு?"

"பேங்குக்குண்ணே."

"பேங்குல என்ன தேவைக்கு?"

"கணக்குத் தொறக்க."

"சரி. அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

கொப்பி வெளியே வந்ததும், அதன் சூடு ஆறுவதற்குள் அடிமட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனையால் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுப்பார். கோடுகளுக்கு நடுவே "வங்கிக் கணக்குத் திறக்க மட்டும்" என்று தேதியோடு எழுதுவார். எழுதாத கொப்பி அவர் கடையை விட்டு வெளியே போனதில்லை. ஒருமுறை ஒரு பையன் தன் தகப்பனின் மரணச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வந்தான். அதிலும் கோடு போட்டு, சேமலாபப் பணம் எடுக்க மட்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"ஏண்ணே, செத்த ஆளோட பேப்பரை வச்சு வேற என்னா செஞ்சிறப் போறாங்க?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். என்னா செய்வாங்க?"

பையன் பயந்துபோய் அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

மை சரியாகப் பிடிக்காத கொப்பியைப் பதினாறாகக் கிழிப்பார். எட்டுத் துண்டு ஸ்வெட்டரின் இடது பைக்கு, எட்டு வலது பைக்கு. இடது பை பஜார் குப்பைக்கு, வலது பை வீட்டு அடுப்புக்கு. "ஒன்னை ஒன்னு பாத்துக்கவே கூடாது" என்பார். இரண்டு பையும் புடைத்திருப்பதால் தூரத்தில் பார்த்தால் மரவள்ளிக்கிழங்கு கடத்துகிறவர் போல் இருப்பார்.

போன் பெட்டியில் யாராவது பேச ஆரம்பித்தால் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். வெளியே இருப்பவர்களுக்குப் பேச்சு கேட்கக் கூடாதாம். உள்ளே இருப்பவருக்கும் கேட்காது. கொம்பியூட்டர் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். பாஸ்வேர்ட் அடிக்கும் நேரம் வந்தால் ஒரு பெரிய துவாயை எடுத்து, அடிப்பவரின் தலையையும் கீபோர்டையும் சேர்த்து மூடிவிட்டு, தானும் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். ஆவி பிடிக்கிற மாதிரியே இருக்கும். தோட்டத்துக் கீழ்ப்பிரிவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "தடுமலுக்கு எவ்வளவு எடுக்கிறீங்க?" என்று கேட்டது உண்மை. நான் அங்கேதான் இருந்தேன், ஏதோ ஒரு பரிசுப் போட்டிக்குக் கணக்குத் திறந்துகொண்டு. துவாய்க்குள் இருந்தது நான்தான்.

இப்போது என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் அவருக்கு நேர் எதிர். ஏ.எல். வரை படித்தவள், பாரங்களை நிரப்புவதில் அவ்வளவு ஆசை உள்ளவள். சோப்புக் கம்பனிக் கூப்பன், டீவிப் பரிசுப் போட்டி, வீடு வீடாக வந்து என்ன பற்பசை பாவிக்கிறீர்கள் என்று கேட்கிறவர்கள், எதையும் விட மாட்டேன். பெயர் கேட்டால் முழுப் பெயர், பிறந்த தேதி கேட்டால் பிறந்த நேரமும் சேர்த்து. ஒருமுறை "அலுவலக உபயோகத்திற்கு மாத்திரம்" என்ற கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். வெறுமையாக விடுவது மரியாதை இல்லை என்று பட்டது.

இது அப்பாவிடமிருந்து வந்த வியாதி. அப்பாவுக்கு அடையாள அட்டை கிடைத்தபோது எனக்குப் பதினொரு வயது. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் இன்னொரு பெயர் என்று எத்தனையோ வருடம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். கிடைத்த அன்று அதை விளக்குக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். "நம்ம பேரை ஒருத்தன் கேட்டு எழுதுறான்னா, நம்மள ஆளா மதிக்கிறான்னு அர்த்தம்" என்பார். அப்படி வளர்ந்தவளிடம் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டினால் கை சும்மா இருக்குமா?

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது பஜாருக்கு ஒரு வேன் வந்தது. ஏதோ ஒரு பால்மாவின் பெயரில் குழந்தைகள் புகைப்படப் போட்டி. கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி மைக்கில் அறிவித்தார். பிள்ளையின் படம், பெயர், பிறந்த தேதி, தாயின் அடையாள அட்டைக் கொப்பி, வீட்டு முகவரி, தகப்பன் வேலை செய்யும் இடம், போன் நம்பர் எல்லாம் வேண்டும். ஒரு குழந்தை சிரிப்பதற்கு இவ்வளவு எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு கேட்கிறார்களே, பெரிய கம்பனிதான் என்று தோன்றியது.

ரெட்டைக்கோடு அண்ணனிடம் போனேன். என் அட்டையின் கொப்பியில் வழக்கம்போல் கோடு போட்டார். பொறுத்துக்கொண்டேன். பிறகு மகளின் படத்தைக் கொப்பி எடுத்து, அடிமட்டத்தை அதன் மேல் வைத்தார்.

"ஐயோ அண்ணே! புள்ள மூஞ்சியிலயா கோடு போடுறீங்க?"

"மூஞ்சியில போடலம்மா. கழுத்துக்குக் கீழ போடுறேன்."

"அழகுப் போட்டிங்கண்ணே இது! கோடு போட்டா யாரு பரிசு குடுப்பாங்க?"

"கோட்டுக்கு அங்கிட்டும் அழகாத்தானே இருக்கு."

"எனக்கு வேணாம். குடுங்க."

"குடுக்கிறேன். என்ன தேவைக்குன்னு எழுதிட்டுக் குடுக்கிறேன்."

படத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோடு போட்ட அட்டைக் கொப்பியையும் அங்கேயே விட்டுவிட்டேன். பின்னால் அவர் அதைப் பதினாறாகக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் பஸ் ஏறி ஹட்டன் டவுனுக்குப் போனேன். ஒரு கொப்பிக்காக. வளைவுக்கு வளைவு மகள் வாந்தி எடுத்தாள். எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி. கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் எங்கோ போகிறவள் போல முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு கடைக்குள் நுழைந்தேன். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோடு இல்லாத, பளிச்சென்ற கொப்பி. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

போட்டியில் மகளுக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கோப்பை கிடைத்தது. அதன்பிறகு என் கணவரின் போன் ஓயவில்லை. ஒருவர் காப்புறுதி வேண்டுமா என்றார். ஒருவர் ஆங்கிலப் புத்தகம் வேண்டுமா என்றார். மகளின் பிறந்த நாளன்று விடிந்ததும் முதல் வாழ்த்துச் சொன்னவள் யாரோ ஒரு பெண்பிள்ளை, மகளின் முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொன்னாள். "பாத்தீங்களா, எவ்வளவு அக்கறை!" என்று கணவரிடம் பெருமைப்பட்டேன். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் அவர் இரவு வேலை முடிந்து அப்போதுதான் படுத்திருந்தார். தலையணையை எடுத்து முகத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள் என்றார். கணவர் ஒரு பயிற்சிக்காகக் கண்டிக்குப் போயிருந்தார். மகள் முன்பள்ளியில் இருந்தாள். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கூட்டி வர வேண்டும்.

அது நாட்டில் சண்டை நடந்த காலம். தமிழ்ப் பெயர் உள்ள ஒரு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதற்கே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஸ்டேஷனில் பொலிஸ் சார்ஜன் என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார். சிம் வாங்கும் பாரம். என் பெயர், என் முகவரி, கீழே ஆங்கிலத்தில் யாரோ கிறுக்கிய ஒரு கையெழுத்து. கூடவே ஒரு அடையாள அட்டைக் கொப்பி. கோடு இல்லாத, பளிச்சென்ற கொப்பி. அந்த சிம்மிலிருந்து யாரோ, எங்கேயோ ஒரு முதலாளியை மிரட்டியிருக்கிறார்கள்.

"இது ஒங்கட ஐ.டி. தானே?"

"ஆமா சேர். ஆனா எனக்கு போனே இல்ல சேர். கையெழுத்தும் என்னுது இல்ல. நான் தமிழ்லதான் வைப்பேன்."

"கொப்பி எங்க அடிச்சது?"

இந்த இடத்தில்தான் என் படிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. ஹட்டன் என்றால், இங்கே கடை இருக்கும்போது ஹட்டனுக்கு ஏன் போனாய், மறைக்க என்ன இருந்தது என்று கேட்பார்களே? ஒரு நொடியில் ஒன்பது விதமாக யோசித்து, பத்தாவதாக வந்த முட்டாள்தனத்தைச் சொன்னேன்.

"இங்க பஜார்லதான் சேர். கொமினிகேஷன்ல."

ஐந்து நிமிடத்தில் ரெட்டைக்கோடு அண்ணனைக் கூட்டி வந்துவிட்டார்கள். இரண்டு பையும் புடைத்த அதே ஸ்வெட்டர். மேசை மேல் இருந்த கொப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோடு இல்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சார்ஜன் பேனையை எடுத்தார். "நம மொகத்த? பேர் என்ன?"

ரெட்டைக்கோடு அண்ணன் அமைதியாகக் கேட்டார்:

"என்ன தேவைக்கு சேர்?"

ஸ்டேஷனில் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. வாசலில் துவக்கோடு காவல் நின்றவர் திரும்பிப் பார்த்தார். சார்ஜனின் காது சிவப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

"பொலிஸ்ல வந்து என்ன தேவைக்கா?"

"கேட்டா சொல்றதுல என்னாங்க சேர் இருக்கு. என்ன தேவைக்குன்னு தெரிஞ்சா நல்லது."

இந்த மனிதரை இன்று உள்ளே தள்ளிவிடுவார்கள், அதுவும் என் வாயால், என்று நினைத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"சேர், நான் பொய் சொல்லிட்டேன் சேர்! இது அவரு கடையில எடுத்தது இல்ல. ஹட்டன்ல எடுத்தேன். அவரு கோடு போடுவாரு சேர், அது அசிங்கமா இருக்குன்னுதான் ஹட்டன் போனேன். புள்ள படத்துலயும் போடப் பாத்தாரு!"

சார்ஜன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் பர்ஸைத் திறந்து, நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். அவருடைய லைசன்ஸ் கொப்பி. மூலைக்கு மூலை இரண்டு சிவப்புக் கோடு. நடுவே "மோட்டார் சைக்கிள் காப்புறுதிக்கு மட்டும்".

"எனக்கும்தான் போட்டது இந்த மனுசன்" என்றார். வாசலில் நின்றவர் சிரித்துவிட்டார்.

நான் மூச்சு விட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டு விட்டுவிட்டேன்.

"சரி. கையெழுத்து வேற, எனக்குத் தெரியுது" என்றார் சார்ஜன். "ஆனா இப்பவே ஒரு பொய் சொன்னது தானே நீங்க? அடுத்தது உண்மைன்னு நான் எப்பிடி எழுதுறது? ஒங்களத் தெரியும்னு சொல்லி, பேர் விலாசம் எல்லாம் குடுத்து, ஊர்ல ஒரு ஆள் பொறுப்பு எடுக்கணும். இல்லாட்டி இன்னைக்கே ஹட்டன் பெரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும். அங்க எத்தன நாள் எடுக்கும்னு எனக்குச் சொல்ல ஏலாது."

சுவரில் மணி பதினொன்றரை. கணவரின் போனுக்கு அடித்தார்கள், நிறுத்தி வைத்திருந்தார். முன்பள்ளி வாசலில் மகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஆறுதல் பரிசுக் கோப்பை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது ரெட்டைக்கோடு அண்ணன் ஸ்வெட்டருக்குள், சட்டைக்குள், அதற்கும் உள்ளே எங்கேயோ கையை விட்டார். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை, அதற்குள் அடையாள அட்டை. அதை மேசை மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பெயரைச் சொன்னார். தகப்பனின் பெயரைச் சொன்னார். பிறந்த தேதி, பிறந்த தோட்டம், எந்த லய வரிசை, அதில் எத்தனையாம் காம்பிரா வீடு, இப்போது இருக்கும் வீடு, ஒன்றையும் விடவில்லை. கோயில் ஐயருக்கும், டொக்டருக்கும், போர்டு எழுதியவருக்கும் கொடுக்காததையெல்லாம் ஒரே மூச்சில் கொடுத்தார். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

"இந்தத் தங்கச்சிய எனக்குத் தெரியும் சேர். கண்ட ஃபோமையும் நெரப்பும். மத்தபடி ஒரு குத்தமும் செய்யாது."

என்னைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் வாக்குமூலம் கொடுத்ததில்லை.

"ஐ.டி. கொப்பி ஒன்னும் வேணும்" என்றார் சார்ஜன்.

கடைக்கு ஓடிப்போய்ப் பத்து நிமிடத்தில் வந்தார். அவருடைய அட்டையை அவர் மெஷினில் வைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கொப்பியை மேசையில் வைத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. மூலைக்கு மூலை இரண்டு கோடு. வழக்கமாக அடிமட்டம் வைத்து எழுதியது போல் இருக்கும் அவருடைய எழுத்து அன்று கொஞ்சம் கோணியிருந்தது. நான் தலைகீழாக வாசித்தேன்.

"இந்தத் தங்கச்சிக்கு மட்டும்."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்தோம். பாலம் வரைக்கும் நடந்தோம். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நான் மனதுக்குள் வசனம் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் நின்றார்.

"தங்கச்சி, அங்க நான் சொன்னது ஒனக்குக் காதுல விழுந்துச்சா?"

"எதுங்கண்ணே?"

"பேரு, வெவரம்."

"இல்லைங்கண்ணே. அழுதுக்கிட்டு இருந்தேன்ல, ஒன்னும் கேக்கல."

அன்று நான் சொன்ன இரண்டாவது பொய். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"நல்லது" என்றார். முகத்தில் பழைய நிம்மதி திரும்ப வந்தது. "புள்ளய ஓடிப்போய்க் கூட்டிக்கிட்டு வா."

அந்தப் பாரத்தோடு என் கொப்பி எப்படிப் போய்ச் சேர்ந்தது, எத்தனை கை மாறியது என்று கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. என்னை மறுபடி கூப்பிடவும் இல்லை. ஆளுக்கு ஆள் கையில் போன் வந்ததும் கொமினிகேஷனுக்கு ஆள் குறைந்தது. போன வருடம் ஒரு நாள் கடை பூட்டியிருந்தது. ஊரை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். புது விலாசத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

இப்போது என் வீட்டில் ஒரு அடிமட்டமும் சிவப்புப் பேனையும் இருக்கின்றன. மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த கொப்பியில் நான் கோடு போட்டு எழுதியதைப் பார்த்து, "என்னா டீச்சர் மாதிரி பிழை திருத்தி அனுப்பியிருக்கிறீங்க?" என்று கந்தோரில் சிரித்தார்கள். பரவாயில்லை. இந்தக் கட்டுரையில் மகளின் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்கு வருடத்துக்கு முன் என்றால் பிறந்த நேரத்தோடு எழுதியிருப்பேன்.

ஆகவே, வாசகர்களே, எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். கொம்பியூட்டர் கேட்பது மறக்க முடியாத மனிதரின் பெயர். வேறு யாருக்கும் தெரியாத விடை வேண்டுமாம். அப்படி ஒரு பெயர் என்னிடம் இருக்கிறது. என் கணவர் எத்தனையோ முறை கேட்டும் நான் சொல்லாத பெயர். தலைக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு அதை அடிக்கப் போவேன். இரண்டு எழுத்து அடிப்பேன். "என்ன தேவைக்கு?" என்று கேட்பது போல் இருக்கும். அழித்துவிடுவேன். அந்தக் கட்டத்தை நான் நிரப்பலாமா, வெறுமையாகவே விடலாமா? தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

உங்கள் பெயரும் விலாசமும் வேண்டாம்.